பதில் வரும் என்ற நம்பிக்கை: ஓய்ந்துபோன ரோல்பிளே குழுவை மீட்பது எப்படி?

பினாங்கின் பாயான் லெப்பாஸிலோ அதன் அக்கம்பக்கத்திலோ இருந்துகொண்டு இணையத்தில் ஒரு தமிழ் ரோல்பிளே குழுவை நடத்துகிறவர்களுக்கானது இந்த அத்தியாயம். உங்கள் குழு டிஸ்கார்டில் இருக்கலாம், டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ இருக்கலாம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டோடு இருந்த நாள்களில் அது பிறந்திருக்கலாம். அப்போது ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு விடிய விடியக் கதை எழுதினீர்கள். பிறகு ஃபேக்டரி பஸ் மறுபடி ஓடியது, கல்லூரி திறந்தது, கல்யாணங்கள் நடந்தன. உறுப்பினர் பட்டியலில் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. பண்டிகை வாழ்த்துப் படங்களைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை.

இந்த நிலையில் அட்மின்கள் பலரும் முதலில் செய்வது அலங்காரம். புது லோகோ, புது பாட், புது விதித்தொகுப்பு, பரிசுப் போட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு வாரம் கலகலப்பாக இருக்கும், பிறகு பழையபடி ஓய்ந்துவிடும். காரணம் எளிது. ரோல்பிளேக்கு வருகிறவர் தான் எழுதிய நான்கு வரிக்கு இன்னொரு மனிதர் பதில் எழுதுவார் என்று நம்பி வருகிறார். அந்தப் பதிலில் தன் கேரக்டர் சொன்னதும் செய்ததும் கணக்கில் எடுக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறார். இரண்டு மூன்று முறை எழுதிவிட்டுப் பதிலில்லாமல் காத்திருந்தவர் நான்காம் முறை எழுத மாட்டார். குழு ஓய்வது இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே மீட்பு வேலை முழுவதும் ஒரே இலக்கை நோக்கியது: எழுதினால் பதில் வரும் என்ற நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவருவது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

இந்தக் கலை ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ரோல்பிளே ஆட்டம் 1974-இல் வெளிவந்தது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே நேரத்தில் எழுத்தாலேயே விளையாடும் ‘மட்’ என்ற கணினி உலகத்தை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்து வளர்த்தார். அரை நூற்றாண்டில் எத்தனையோ குழுக்கள் எழுந்து, ஓய்ந்து, சில மீண்டும் எழுந்திருக்கின்றன. அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

படி 1: கதை எங்கே நின்றது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குழுவின் கடைசி மூன்று மாதப் பதிவுகளைப் பின்னோக்கிப் படியுங்கள். ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள்: நின்றுபோன காட்சி, கடைசியாக எழுதியவர், அடுத்து எழுத வேண்டியிருந்தவர். மூன்றாவது நெடுவரிசையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நோய் அங்கே இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பெயர் கதையை நடத்தும் கேம் மாஸ்டருடையதாகவோ அட்மினுடையதாகவோ இருக்கும். ஒரே ஆளின் தலையாட்டலுக்காக ஆறு காட்சிகள் காத்துக்கிடந்தால் அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்த அன்று குழுவுக்கும் காய்ச்சல்.

வேறு காரணங்களும் அந்தத் தாளில் தெரியவரும். இரண்டு பேர் மட்டும் தங்களுக்குள் நீளநீளமாக எழுதிக்கொண்டிருக்க, மற்றவர்கள் பார்வையாளர்களாகிப் போயிருக்கலாம். புதிதாக வந்தவர் வணக்கம் சொன்னதோடு நின்றிருக்கலாம். கதைக்குள் நடந்த சண்டை ஒன்று கதைக்கு வெளியிலும் தொடர்ந்து, இரண்டு தரப்பும் மௌனமாகியிருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் மருந்து கொடுக்கத் தொடங்காதீர்கள்.

படி 2: ஷிப்டுக்கு ஏற்ற கதைநடையை அமையுங்கள்

பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட்-பேக்கர்ட், பாஷ், ஹிட்டாச்சி, கிளேரியன், லிட்ரோனிக்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் ‘எட்டு சாமுராய்கள்’ என்பார்கள். அரை நூற்றாண்டாக இந்த ஊரின் நேரத்தைத் தீர்மானிப்பது ஃபேக்டரிதான். 12 மணி நேர ஷிப்டு, இரவு வேலை, ஓ.டி., பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் பக்கம் போகும் பயணம், லிம் சொங் இயூ விரைவுச்சாலையில் மாட்டிக்கொள்ளும் மாலை நேரம். இந்த ஊரில் “சனிக்கிழமை இரவு 9 மணிக்கு எல்லோரும் ஆன்லைனில் இருங்கள்” என்று ஒரு குழுவை நடத்த முடியாது. பாதிப்பேருக்கு அந்த நேரத்தில் ஃபோன் லாக்கரில் இருக்கும்.

ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் கூடும் ஆட்டத்தை மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டு, அன்றாடக் கதையை ‘முடிந்தபோது எழுது’ முறைக்கு மாற்றுங்கள். அதற்கு மூன்று விதிகள் போதும்.

முதலாவது, நான்கு நாள் விதி. ஒருவர் முறை வந்து நான்கு நாள் ஆகியும் எழுதவில்லை என்றால், காட்சி அவரைத் தாண்டிப் போகும். அவருடைய கேரக்டர் அந்த இடத்தில் மௌனமாக இருந்ததாகக் கொள்ளப்படும். இதில் யாருக்கும் தண்டனை இல்லை, யார் மீதும் குறை இல்லை. காட்சி மட்டும் நிற்காது.

இரண்டாவது, விடுப்பு விதி. “இரவு ஷிப்டு, பத்து நாள்” என்று ஒரு வரி போட்டால் போதும். அந்தக் கேரக்டர் காய்ச்சலில் படுத்திருக்கும், அல்லது சுங்கை பட்டாணிக்கு உறவினரைப் பார்க்கப் போயிருக்கும். அது இல்லாத நேரத்தில் யாரும் அதைக் கொல்லவோ, அவமானப்படுத்தவோ, அதற்குக் கல்யாணம் செய்து வைக்கவோ கூடாது. இந்த உறுதி இருந்தால்தான் ஷிப்டு முடிந்து வருகிறவர் நிம்மதியாகத் திரும்பி வருவார்.

மூன்றாவது, இரண்டு பத்தி விதி. ஒரு பதிவுக்கு இரண்டு பத்தி போதும். பஸ்ஸில் உட்கார்ந்து ஃபோனில் அடிக்கிறவரால் எழுத முடிந்த அளவு அதுதான். ஒருவர் பக்கம் பக்கமாக எழுதும்போது அடுத்தவருக்குத் தன்னுடைய இரண்டு பத்தி அற்பமாகத் தோன்றும். பிறகு அவர் எழுதவே மாட்டார்.

தைப்பூசம், சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி, எஸ்.பி.எம். தேர்வு நாள்கள் ஆகியவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தைப்பூச வாரத்தில் பாதிக் குழு தண்ணீர்மலையில் இருக்கும். அந்த வாரத்தில் கதையை நிறுத்துவதாக முன்கூட்டியே அறிவித்தால் அது ஓய்வு. சொல்லாமல் நின்றால் அதையே சாவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

படி 3: பாதியில் நிற்கும் பழைய கதையை முடித்து வையுங்கள்

புதுக் கதைக்குத் தாவுவதற்கு முன், பழையதற்கு ஒரு முடிவு எழுதுங்கள். இதற்கு உலகறிந்த சான்று ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ என்ற இணைய ஆட்டம். ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பர் 30-இல் வெளியிட்ட அந்த ஆட்டம் விளையாடியவர்களைக் கடுமையாக ஏமாற்றியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, மாதக் கட்டணத்தை நிறுத்தி வைத்தது, பொறுப்பை நவோக்கி யோஷிதாவிடம் ஒப்படைத்தது. அவர் பின்னணியில் புது ஆட்டத்தைக் கட்டியெழுப்பிக்கொண்டே, பழைய ஆட்டத்தையும் கைவிடாமல் கதை நகர்த்தினார். வானத்தில் ஒரு செந்நிலா நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பர் 11-இல் சர்வர்களை மூடியபோது அந்த நிலா விழுந்து அந்த உலகம் அழிந்தது. இருந்து விளையாடியவர்கள் தங்கள் கேரக்டர்களோடு அந்த முடிவில் பங்கெடுத்தார்கள். 2013 ஆகஸ்டு 27-இல் ‘எ ரெல்ம் ரீபார்ன்’ என்ற பெயரில் புது ஆட்டம் வந்தபோது, பழையவர்கள் தங்கள் கேரக்டர்களையே கொண்டுவர முடிந்தது. அழிவும் மறுபிறப்பும் அவர்கள் கதையின் பகுதியாகவே ஆகிவிட்டன.

உங்கள் குழுவுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. நின்றுபோன ஒவ்வொரு காட்சிக்கும் நீங்களே மூன்று நான்கு வரியில் ஒரு முடிவை எழுதி, அதில் இருந்த ஒவ்வொரு கேரக்டரும் என்ன ஆனது என்று சொல்லுங்கள். எழுதிய பிறகு அந்தந்தக் கேரக்டருக்கு உரியவரிடம் காட்டுங்கள். “இப்படி முடிக்கலாமா, மாற்றணுமா?” என்று கேளுங்கள். இரண்டு ஆண்டாக வாய் திறக்காதவர்கூட தன் கேரக்டரின் முடிவைப் பற்றி ஒரு கருத்துச் சொல்வார். அந்த ஒரு வார்த்தைதான் நீங்கள் தேடிக்கொண்டிருந்த முதல் பதில்.

படி 4: பொது அறிவிப்பை விட்டுவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள்

“எல்லோரும் திரும்பி வாங்க” என்ற அறிவிப்பை யாரும் தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தனித்தனியாக எழுதுங்கள். அழைப்பில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: அவருடைய கேரக்டர் உங்களுக்கு நினைவிருக்கிறது என்பது, கதையில் அவருக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்பது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது, மறுத்தாலும் வருத்தமில்லை என்பது. மாதிரிக்கு ஒன்று:

“அக்கா, வணக்கம். நல்லா இருக்கீங்களா? உங்க மருத்துவச்சி எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னதோட அந்தக் கதை அப்படியே நின்னு போச்சு. உங்களுக்குப் பதில் எழுத வேண்டியவங்க எழுதல, நாங்களும் கவனிக்கல. வர்ற மாசம் மூணு வாரத்துல முடியற ஒரு சின்னக் கதை தொடங்குறோம். அதுல காயம்பட்டவங்களைப் பார்க்க ஒரு ஆள் வேணும். உங்க மருத்துவச்சி வந்தா நல்லா இருக்கும். நைட் ஷிப்டு வாரத்துல எழுத வேணாம், ஓய்வு நாள்ல ரெண்டு பத்தி போதும். முடியலன்னாலும் பரவால்ல அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க.”

யாருக்கு எதைச் சொல்லி அழைப்பது என்பதற்கு ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் எழுதிய கட்டுரை இன்றும் கைகொடுக்கும். விளையாட வருகிறவர்களை அவர் நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், துருவிப் பார்க்க வருபவர், பழக வருபவர், மோத வருபவர். சாதிப்பவரிடம் முடிக்க வேண்டிய காரியத்தைச் சொல்லுங்கள். துருவுபவரிடம் இன்னும் திறக்காத கதவைச் சொல்லுங்கள். பழகுபவரிடம் வேறு யார் யார் வருகிறார்கள் என்று சொல்லுங்கள். மோதுபவரிடம் எதிராளி யார் என்று சொல்லுங்கள். மேலே உள்ள அக்கா பழகுபவராக இருந்தால், “உங்க தோழி கேரக்டரும் வர்றாங்க” என்ற ஒரு வரியைச் சேர்த்தால் அழைப்புக்கு வலு கூடும்.

முதல் சுற்றில் ஐந்து பேர் சரி என்றால் போதும், தொடங்கிவிடுங்கள். தவறாமல் எழுதும் ஐந்து பேர், எட்டிப் பார்க்காத நாற்பது பேரைவிடப் பெரிய குழு.

படி 5: முடியும் தேதியோடு ஒரு சின்னக் கதை

ஓய்ந்த குழுவுக்குப் பெருங்காவியம் ஆகாது. மூன்று வாரம், ஐந்து கேரக்டர், ஒரே நிகழ்ச்சி, முடியும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. இந்த நான்கும் இருந்தால் தயங்குகிறவர்களும் வருவார்கள்.

கதைக்குக் கடல் கடந்து தேடிப் போக வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸ் கரையிலிருந்து பார்த்தால் எதிரே தெரியும் ஜெரெஜாக் தீவு ஒரு காலத்தில் தொழுநோயாளர் குடியிருப்பாகவும், கப்பலில் வந்தவர்களைத் தடுத்து வைக்கும் நோய்த்தடுப்பு நிலையமாகவும், பிற்காலத்தில் சிறையாகவும் இருந்தது. வடக்கே கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. சோழர் கடற்படை 1025-இல் வந்த கடாரம் அதுதான் என்பார்கள். பினாங்கையும் தமிழ்நாட்டையும் ஒரே கதையில் கட்டிப்போட இவற்றையெல்லாம்விட எடுப்பான ஒன்று இருக்கிறது: எம்டன்.

எஸ்.எம்.எஸ். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அக்டோபர் 28 விடியற்காலையில் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்தது. அதற்கு இருந்தவை மூன்று புகைக்கூண்டுகள். பிரிட்டிஷ் கப்பல்போல் தெரிவதற்காகப் பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நங்கூரமிட்டிருந்த ‘ஜெம்சுக்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பலை அது டார்ப்பிடோவால் மூழ்கடித்தது. ரஷ்யக் கேப்டன் அப்போது கரையில் இருந்தார். வெளியேறும் வழியில் ‘மூஸ்கே’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ கப்பல் எம்டனைச் சிதைத்தது.

இந்தக் கதையில் யாரையும் கப்பல் கேப்டனாக ஆக்காதீர்கள். துறைமுகத்தில் இருந்தவர்களைக் கேரக்டர்களாகக் கொடுங்கள்: படகோட்டி, கப்பலுக்கு நிலக்கரி சுமப்பவர், சூலியா தெரு வணிகர், தந்தி அலுவலக எழுத்தர், காயம்பட்டவர்களைக் கவனிக்கும் மருத்துவச்சி. சென்னையில் குண்டு விழுந்த செய்தி தந்தியில் வந்து ஒரு மாதம் ஆகிறது. வணிகரின் சரக்கு சென்னைக் கரையில் கிடக்கிறது. எழுத்தருக்கு அங்கே தம்பி இருக்கிறான். ஆளுக்கொரு கவலையோடுதான் கதைக்குள் வருகிறார்கள்.

தொடக்கப் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் கேம் மாஸ்டரின் கைத்திறன் தெரியும். இரண்டு மாதிரிகளைப் பாருங்கள்.

முதல் மாதிரி: “1914-ஆம் ஆண்டு. நீங்கள் எல்லோரும் பினாங்குத் துறைமுகத்தில் இருக்கிறீர்கள். ஒரு மர்மக் கப்பல் வருகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?”

இரண்டாம் மாதிரி: “விடிய இன்னும் நேரம் இருக்கிறது. படகோட்டி, உன் படகில் ஒரு ரஷ்ய மாலுமி ஏறி உட்கார்ந்திருக்கிறான், சாராய வாடை. கப்பலில் கொண்டுபோய் விடச் சொல்கிறான், காசு பிறகு தருவானாம். துடுப்பை எடுக்கும்போது வடக்கு வாயில் பக்கம் ஒரு கப்பல் விளக்கில்லாமல் நகர்வது தெரிகிறது. புகைக்கூண்டுகளை எண்ணுகிறாய். நான்கு. நான்காவது மட்டும் காற்றில் லேசாக அசைகிறது. தந்தி எழுத்தரே, இரவு வேலை முடிந்து நீங்கள் படகுத்துறைப் படியில் நிற்கிறீர்கள். படகோட்டி உங்களைப் பார்த்துக் கை காட்டுகிறான்.”

முதல் மாதிரி எல்லோரையும் கேட்கிறது, அதனால் ஒவ்வொருவரும் மற்றவர் முதலில் எழுதட்டும் என்று இருந்துவிடுவார். இரண்டாம் மாதிரியில் படகோட்டிக்கு உடனே முடிவெடுக்க வேண்டிய இரண்டு காரியங்கள் இருக்கின்றன: காசில்லாத சவாரி, அசையும் புகைக்கூண்டு. அவர் எழுதியதும் எழுத்தரால் எழுதாமல் இருக்க முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கையில் ஒரு காரியத்தைக் கொடுங்கள், அடுத்தவரோடு கோத்து விடுங்கள். ஒவ்வொரு பதிவின் கடைசி வரியும் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை எல்லா உறுப்பினர்களுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

கதை முடிந்ததும் நேரில் ஒரு சந்திப்பு வையுங்கள். ஜெம்சுக் மாலுமிகளின் நினைவுச்சின்னம் ஜார்ஜ் டவுனின் பழைய மேற்குச் சாலைக் கல்லறையில் இருக்கிறது. குவீன்ஸ்பே மால் கடலோரத்தில் ஜெரெஜாக்கைப் பார்த்தபடி உட்கார்ந்து அடுத்த கதையைப் பேசலாம். ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நாளான ஜூலை 7 பினாங்கில் பொது விடுமுறை. அதைக் குழுவின் ஆண்டுச் சந்திப்பாக வைத்துக்கொள்வது வசதி.

படி 6: புதியவருக்கு வாசலை அகலமாக்குங்கள்

நாற்பது பக்க உலக வரலாற்றையும் இருபது விதிகளையும் படித்தால்தான் சேரலாம் என்றால் யாரும் சேர மாட்டார்கள். கேரக்டர் விவரம் ஐந்து வரியில் முடியட்டும்: பெயர், தொழில், எதில் கெட்டி, எதற்குப் பயம், இப்போது என்ன வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். ஏதோ ஒன்று வேண்டும் என்றிருக்கும் கேரக்டர்தான் காட்சியை நகர்த்தும்.

புதிதாக வருகிறவருக்கு ஒரு மூத்த உறுப்பினரைத் துணையாகப் போடுங்கள். அவருடைய வேலை ஒன்றே: புதியவரின் முதல் பதிவுக்கு 24 மணி நேரத்துக்குள் கதைக்குள்ளேயே பதில் எழுதுவது. “வெல்கம், நல்லா எழுதுறீங்க” என்ற பாராட்டு இதற்கு ஈடாகாது. கதைக்குள் ஒருவர் அவரைப் பார்த்துப் பேச வேண்டும்.

மொழியில் கண்டிப்பு வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் படித்தவரும் இருப்பார், தேசியப் பள்ளியில் படித்துத் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவரும் இருப்பார். இருவரும் எழுதட்டும். விருப்பமுள்ளவர் ஒருவர் வாரக்கடைசியில் கதையைத் தமிழ் எழுத்தில் தொகுத்துப் போட்டால் குழுவுக்கு ஓர் ஆவணமும் கிடைக்கும், மற்றவர்களுக்கு எழுத்தும் பழகும்.

படி 7: அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்

‘ரூன்ஸ்கேப்’ என்ற இணைய ஆட்டம் பல மாற்றங்களுக்குப் பிறகு பழைய விளையாட்டாளர்களை இழந்துகொண்டிருந்தபோது, அதை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. 2007-ஆம் ஆண்டின் பதிப்பைத் திரும்பத் திறக்கலாமா என்பதே கேள்வி. ஆதரவு குவிந்தது. 2013 பிப்ரவரியில் ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு புது அம்சம் எதைச் சேர்ப்பதானாலும் விளையாடுகிறவர்களின் வாக்கு கேட்கும் வழக்கம் வந்தது. தொடக்கத்தில் 75 விழுக்காடு ஆதரவு இருந்தால்தான் சேர்ப்பார்கள். தன் வாக்குக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தவர்கள் தங்கினார்கள்.

பத்துப் பேர் குழுவில் இதையே எளிமையாகச் செய்யலாம். அடுத்த கதை எது, எந்தக் காலம், யார் கேம் மாஸ்டர் என்று வாக்கெடுப்பு வையுங்கள். பத்தில் ஏழு பேர் சரி என்றால் அதுவே முடிவு. அட்மினுக்குப் பிடிக்காவிட்டாலும் அதுவே முடிவு. ஒவ்வொரு கதைக்கும் கேம் மாஸ்டர் மாற வேண்டும். ஒருவர் நடத்தும்போது இன்னொருவர் துணை நிற்கட்டும். அடுத்த கதையை அந்தத் துணை நடத்தட்டும். சர்வரின் சாவி குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும்.

படி 8: எழுதியதைக் காப்பாற்றுங்கள், எழுதுகிறவரையும்

2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, அங்கே பல ஆண்டுகளாகக் கூடியிருந்த ரோல்பிளே குழுக்கள் ஒரே நாளில் கூரையிழந்தன. பிரதி எடுத்து வைத்தவர்களிடம் கதை மிஞ்சியது. மாதக் கடைசியில் முக்கியமான காட்சிகளை ஒரு கோப்பாக எடுத்து வைப்பதை ஒருவர் பொறுப்பாக்குங்கள். எழுத்தைப்போலவே ஆள்களுக்குள் இருக்கும் தொடர்பையும் காப்பாற்றுங்கள். ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற இணைய ஆட்டத்தை 2012 நவம்பர் 30-இல் மூடினார்கள். அதன் ரசிகர்கள் கலைந்து போய்விடவில்லை. 2019-இல் அவர்களே ‘ஹோம்கமிங்’ என்ற சர்வரைத் திறந்தார்கள். 2024 ஜனவரியில் உரிமை வைத்திருந்த என்.சி.சாஃப்ட் நிறுவனமே அவர்களுக்கு உரிமம் கொடுத்தது. இடம் போனாலும் ஆள்களுக்குள் தொடர்பு இருந்தால் கதை திரும்பி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

குழுவில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இருந்தால் அவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனிக் காட்சிகள் வையுங்கள். பெரியவர் ஒருவர் மாணவரோடு தனிச்செய்தியில் கதை எழுதக் கூடாது என்பதை விலக்கில்லாத விதியாக வையுங்கள். நேரில் சந்திக்கும்போது மாணவர்களின் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இனம், மதம், சாதி தொடர்பான காட்சி வந்தால் அதில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். யாராவது ‘எக்ஸ்’ என்று ஓர் எழுத்து போட்டால் அந்தக் காட்சி அங்கேயே வேறு திசைக்குத் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிறவர்கள் ‘எக்ஸ் கார்டு’ என்று பல ஆண்டுகளாகப் பின்பற்றும் முறை இது. மனம் புண்பட்டுப் போனவரை எந்த அழைப்பும் திரும்பக் கொண்டுவராது.

எட்டு வாரத் திட்டம்

1-ஆம் வாரம்: பழைய பதிவுகளைப் படித்து, நின்ற இடங்களைத் தாளில் எழுதுதல்.
2-ஆம் வாரம்: நின்ற காட்சிகளுக்கு முடிவு எழுதி, உரியவர்களிடம் காட்டுதல்.
3-ஆம் வாரம்: நாளுக்கு இரண்டு பேர் வீதம் தனி அழைப்பு. ஐந்து பேர் சேர்ந்ததும் நிறுத்தலாம்.
4-ஆம் வாரம்: மூன்று விதிகளையும் அறிவித்தல், கேரக்டர் விவரங்கள் வாங்குதல், துணைக் கேம் மாஸ்டரைத் தேர்ந்தெடுத்தல்.
5 முதல் 7-ஆம் வாரம் வரை: சின்னக் கதை. எந்தப் பதிவும் நான்கு நாளைத் தாண்டிப் பதிலில்லாமல் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுதல்.
8-ஆம் வாரம்: கதையைத் தொகுத்து எல்லோருக்கும் அனுப்புதல், நேரில் சந்தித்தல், அடுத்த கதைக்கு வாக்கெடுப்பு.

எட்டாம் வார முடிவில் உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பதிலில்லாமல் கிடக்கும் பதிவுகள் எத்தனை என்று மட்டும் பாருங்கள். அது குறைந்திருந்தால் குழு பிழைத்துக்கொண்டது, ஆள்கள் தாமாக வருவார்கள். குறையவில்லை என்றால் முதல் படிக்குத் திரும்புங்கள். இரண்டு முறை முயன்றும் ஐந்து பேர் சேரவில்லை என்றால் மரியாதையாக ஒரு நிறைவுக் கதை எழுதி, தொகுப்பை எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிடுங்கள். அப்படி முடிந்த குழுவின் ஆள்கள் வேறொரு நாள் வேறொரு கதைக்கு மனமுவந்து வருவார்கள்.

இந்த ஊரில் தமிழில் கற்பனை செய்து, தமிழில் சண்டை போட்டு, தமிழில் சமாதானம் ஆக இளையவர்களுக்குக் கிடைக்கும் இடங்கள் அதிகமில்லை. உங்கள் குழு அப்படி ஓர் இடம். ஆகவே இந்தப் புத்தகத்தை மூடியதும் முதல் வேலையாக உங்கள் குழுவைத் திறந்து, நெடுநாளாகப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு பதிவைத் தேடியெடுங்கள். அதற்கு இன்றைக்கே இரண்டு பத்தி எழுதுங்கள்.